பேட்லாக் அக்காவின் தலைவலி

2024 ஜூன் 3, திங்கள்

இரவு எட்டேகால். என் பிசியோதெரபி கிளினிக்கின் ஷட்டரை இறக்கப் போகும் நேரத்தில் ஒரு அக்கா வந்தார். பனியன் கம்பெனியில் பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் டெய்லர், வயது 42. ஷாலைக் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கியிருந்தார். "காத்து பட்டா தலைவலி ஜாஸ்தியாயிருதுங்க மேடம்" என்றார். ஜூன் பிறந்தாலே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று திருப்பூர்த் தெருவெல்லாம் துணித்தூசியைக் கிளப்பும். இங்கே வருகிற பாதிப் பேர் எந்த வலிக்கும் முதலில் பழி போடுவது அதன்மேல்தான்.

கட்டைப்பையை மேசையில் கவிழ்த்தார். இரண்டு மூக்குக்கண்ணாடி, சைனஸுக்காக எடுத்த எக்ஸ்ரே, 'எலும்பு தேய்மானம்' என்று சொல்லி அனுப்பிய கழுத்து எக்ஸ்ரே, ஒரு காலர் பெல்ட், பாதி காலியான மாத்திரை அட்டைகள். நான்கு வருஷ வலி மேசையில் கிடந்தது.

"எங்கே ஆரம்பிக்குது அக்கா?"

பதில் சொல்லாமல் வலது கையின் இரண்டு விரலைப் பிடரியில், மண்டை ஓடு முடிகிற பள்ளத்தில் வைத்தார். அங்கிருந்து காதுக்குப் பின்னால் ஏற்றி, நெற்றிப்பொட்டைத் தொட்டு, வலது புருவத்தின்மேல் நிறுத்தினார். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் விரல் அதே பாதையில்தான் போனது. இடப்பக்கம் வருவதே இல்லையாம்.

கேட்க வேண்டியவற்றைக் கேட்டேன். இடி விழுந்த மாதிரி திடீரென வந்ததா, காய்ச்சல் உண்டா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, நாக்கு குழறுகிறதா, விழுங்கச் சிரமமா, கை கால் மரத்துப்போகிறதா, கீழே விழுந்து அடிபட்டதா. எல்லாவற்றுக்கும் இல்லை. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. வாந்தி, வெளிச்சம் பட்டால் கூச்சம், ஒற்றைத் தலைவலியின் அந்தத் துடிப்பு எதுவும் கிடையாது. மெஷினில் ஒரு மணி நேரம் குனிந்திருந்தால் வரும், பஸ்ஸில் வலப்பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தால் வரும்.

மல்லாக்கப் படுக்கவைத்து, முகவாய் நெஞ்சில் படும்வரை கழுத்தை மடக்கி, அந்த நிலையிலேயே தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். முழுக்க மடக்கிவிட்டால் கீழ்க்கழுத்து பூட்டிக்கொள்ளும், திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு கழுத்தெலும்புக்கு நடுவில்தான். கழுத்து திரும்பும் அளவில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது. நல்ல கழுத்து பக்கத்துக்கு 44 டிகிரி அளவுக்குத் திரும்பும். அக்காவுக்கு இடப்பக்கம் 42. வலப்பக்கம் 22-லேயே கதவு தட்டி நின்ற மாதிரி நின்றுவிட்டது.

கடைசியாக, பிடரிக்குக் கீழே வலப்பக்க மூட்டின்மேல் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினேன். மூச்சை இழுத்துக்கொண்டார்.

"இதேதானுங்க! நீங்க அங்க அமுக்கறீங்க, எனக்குக் கண்ணுக்கு மேல வருதுங்க!"

விரலை எடுத்தேன், கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அப்படியே படுத்துக்கிடந்தவர் கண்ணோரம் நீர் வழிந்தது. வலி அதிகமா என்று கேட்டேன். "இல்லீங்க. வூட்ல எல்லாரும் நான் வேலைக்குப் போகச் சடஞ்சுக்கிட்டுச் சொல்றேங்கறாங்க" என்றார்.

ஜூன் 4, செவ்வாய்

"வலிக்கறது நெத்தியில, நீங்க கழுத்தைப் புடிக்கறீங்களே?" இன்றைக்கு அக்கா கேட்ட முதல் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் தண்டுவடத்துக்குள் நுழைகிற இடத்துக்குத்தான், முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்ச்சி தருகிற ஐந்தாம் மண்டை நரம்பின் இழைகளும் இறங்கி வருகின்றன. இரண்டும் ஒரே நரம்பணுக்களிடம் போய்ச் சேதி சொல்கின்றன. கழுத்து மூட்டு நாள்பூராவும் முறையிட்டுக்கொண்டே இருந்தால், மூளை அதை நெற்றியிலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்கிறது.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பேட்லாக்குல மேல தையல் வுட்டுப் போச்சுன்னா, புதுப்புள்ளைங்க ஊசியை ஊசியை மாத்தும். கோளாறு கீழ நூலைக் கோக்கற லூப்பர்ல இருக்கும். தட்டைத் தெறந்து பாத்தாத்தான் தெரியும்."

அந்தத் தாளிலேயே 'லூப்பர்' என்று எழுதி வைத்துக்கொண்டேன். இனி இந்த ஊரில் யாருக்கு இதை விளக்கினாலும் இதைத்தான் சொல்வேன்.

கழுத்தில் பிறக்கும் இந்தத் தலைவலிக்குத் தனிப் பெயர் வைத்து, இதுவும் ஒரு தனி நோய் என்று 1983-ல் வாதாடியவர் நார்வே நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஷாஸ்டாட். நாற்பது வருஷம் ஆகிவிட்டது. இந்த அக்கா இன்னும் கண்ணாடி மாற்றிக்கொண்டிருக்கிறார்.

'தேய்மானம்' என்ற சொல்லைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. நாற்பதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரேயில் அப்படித்தான் தெரியும். நரை மாதிரி அது. அந்த ஒரு சொல்லால், தன் எலும்பு மாவாகி உதிர்கிறது என்று நான்கு வருஷமாக நம்பி, தலையைத் திருப்பவே பயந்திருக்கிறார்.

ஜூன் 6, வியாழன்

கரண்ட் வைக்கச் சொல்லி அக்கா கேட்டார். பிசியோதெரபி என்றாலே இங்கே கரண்ட்தான். வேண்டாம் என்று கையால் மூட்டை அசைத்துவிட்டேன். மேல் இரண்டு எலும்பையும் கட்டைவிரலால் மெதுவாக, ஆடும் தொட்டிலுக்குக் கைகொடுக்கிற வேகத்தில். பத்து நிமிஷத்தில் வலப்பக்கம் 22 டிகிரி 29 ஆனது. எழுந்து உட்கார்ந்து தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பாரம் எறக்கி வெச்ச மாதிரி இருக்குதுங்க."

உடனே அடுத்த கேள்வி: "சலூன்ல எங்க வூட்டுக்காரருக்கு எடுக்கற மாதிரி ஒரே சொடக்கா எடுத்து வுட்டுருங்களேன்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் என் குரல் தானாக உயர்ந்துவிடும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்களில் இரண்டு, கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகளுக்குள் நூல் கோத்த மாதிரி ஏறிப்போகின்றன. தலையைச் சடாரென்று முறுக்கினால் நாளத்தின் உள்சுவர் கிழியலாம், அங்கே ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம். அரிதுதான். ஆனால் நடந்தால் பக்கவாதம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆட்டோ டிரைவர் 'கழுத்துப் பிடிப்பு' என்று இதே கட்டிலில் வந்து உட்கார்ந்தார். சலூனில் சொடக்கு எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. இதுவரை வராத மாதிரித் தலைவலி என்றார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். ஒரு பக்க இமை லேசாகத் தொங்கியிருந்தது, அந்தக் கண்ணின் பாப்பா மற்றதைவிடச் சின்னதாக இருந்தது. கழுத்தில் விரல்கூட வைக்காமல் அப்போதே கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். ஸ்கேனில் நாளச் சுவர் கிழிந்திருந்தது. பிழைத்துக்கொண்டார். முடி வெட்டி முடித்ததும் இனாமாகக் கிடைக்கிற அந்தச் சொடக்கை யாரும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

அக்காவுக்கு லீவு. நிதானமாக இன்றுதான் முக்கியமான வேலையைத் தொடங்கினோம்.

தொண்டைக்குப் பின்னால் கழுத்தெலும்பை ஒட்டி உள்தசைகள் இருக்கின்றன. தலையைத் தாங்கி நிறுத்துவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. கழுத்துத் தலைவலிக்காரர்களிடம் இவை சோர்ந்து கிடக்கும், அவற்றின் வேலையைக் கழுத்தின் இருபக்கமும் கயிறாகத் தெரிகிற வெளித்தசைகள் இழுத்துப் போட்டுக்கொள்ளும். அந்த உள்தசைகளை மட்டும் எழுப்ப வேண்டும்.

மல்லாந்து படுத்த கழுத்துக்கடியில் சின்னக் காற்றுப்பை, அதில் ஒரு டயல். 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வைத்துவிட்டு, தலையைத் தூக்காமல் முகவாயை மட்டும் லேசாக உள்ளே சாய்த்து 22-க்குக் கொண்டுவந்து பத்து வினாடி நிறுத்தச் சொன்னேன். அக்கா பல்லைக் கடித்தார். கழுத்துக் கயிறு இரண்டும் புடைத்தன. முள் 34-க்கு ஓடியது.

"இவ்வளவு பலம் வேண்டாம் அக்கா. கதை கேக்கற குழந்தை 'உம்' கொட்டுமே, அந்த அளவு போதும்."

கண்ணை மூடி ஒரு தரம் 'உம்' கொட்டினார். முள் 22-ல் வந்து நின்றது. நான்கு வினாடி. அப்புறம் தலை நடுங்க ஆரம்பித்தது. பன்னிரண்டு மணி நேரம் மெஷின் ஓட்டுகிற உடம்புக்கு நான்கு வினாடி 'உம்' கொட்ட முடியவில்லை. அக்காவுக்கே நம்ப முடியவில்லை. 22, 24, 26 என்று இரண்டிரண்டாக ஏறி 30 வரை போக வேண்டும், ஒவ்வொரு படியிலும் பத்து வினாடி, பத்துத் தடவை. வீட்டில் டயல் இல்லாமல் காலை, இரவு இரண்டு வேளையும்.

ஜூன் 13, வியாழன்

மோசமான நாள். ஷிப்மென்ட் என்று மூன்று நாள் தொடர்ந்து ஒன்றரை ஷிப்ட் ஓட்டியிருக்கிறார். வலி பழையபடி. கண்ணை இடுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பயிற்சி செய்யவில்லை. "நீங்க கை வெச்சாத்தான் சரியாகுது, அந்த உம் கொட்டறதுல என்னுங்க ஆகப்போவுது?"

கோபப்படாமல் சொன்னேன். ஆஸ்திரேலியாவில் குவென்டலின் ஜல் என்ற பிசியோதெரபிஸ்டும் அவர் குழுவும் இதே தலைவலி உள்ள 200 பேரை நான்காகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குக் கை சிகிச்சை, ஒரு பிரிவுக்கு இந்த மெல்லிய பயிற்சி, ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. ஆறு வாரம். 2002-ல் முடிவு வந்தது. கை வைத்தவர்களுக்கும் வலி குறைந்தது, பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் குறைந்தது, பன்னிரண்டு மாதம் கழித்தும் அந்தக் குறைவு நிலைத்திருந்தது. "நான் இந்த ரூமுக்குள்ளதான் இருப்பேன். உங்க உம் கம்பெனிக்கும் கூட வரும்" என்றேன். தலையாட்டினார். நம்பிய மாதிரித் தெரியவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. வீட்டுக் காலண்டரை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். பால் கணக்கு குறித்த கட்டங்களிலேயே, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி வைத்திருந்தார். மே மாதத்தில் 19 புள்ளி. ஏப்ரலில் 17. மார்ச்சில் 18. சாதாரண வலிமாத்திரையே ஆனாலும் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்தைத் தாண்டிப் போட்டுக்கொண்டே இருந்தால், அந்த மாத்திரையே தலைவலியை அடிக்கடி வரவழைக்கலாம். நிறுத்துகிற முதல் வாரங்களில் வலி இன்னும் கூடும். அதை நான் தனியாகச் செய்யக் கூடாது. நரம்பியல் டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அந்தக் காலண்டரையும் கையோடு கொண்டுபோகச் சொன்னேன். எந்த ஸ்கேனையும் விட அது நிறையச் சொல்லும்.

ஜூன் 16, ஞாயிறு

டாக்டர் பார்த்துவிட்டார். கழுத்துதான் என்று ஒப்புக்கொண்டு, மாத்திரையைக் குறைக்க முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். அக்காவின் முகம் வாடிக் கிடக்கிறது, மூன்று நாளாகத் தலையைத் தூக்க முடியவில்லையாம். 24-ல் ஏழு வினாடி நிறுத்தினார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். கழுத்து வலியும் தலைவலியும். சோதித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாகத் திரும்புகிறது, எங்கே அழுத்தினாலும் தலைவலி வரவில்லை. வெளிச்சம் ஆகாது, வாந்தி, மாதவிலக்கை ஒட்டி வரும். ஒற்றைத் தலைவலியிலும் கழுத்து வலிக்கும். மருத்துவரிடம் அனுப்பிவிட்டேன். எல்லாத் தலைவலியையும் கழுத்தில் கொண்டுவந்து கட்டுவதும் தப்புதான்.

ஜூன் 22, சனி

சம்பள நாள். அக்கா வர ஒன்பது மணி ஆகிவிட்டது. பக்கத்து மெஷின்காரம்மாவை விட்டுத் தான் வேலை செய்வதை போனில் வீடியோ எடுத்துவரச் சொல்லியிருந்தேன். ஒன்றரை நிமிஷ வீடியோ. ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பேன்.

சாய்மானம் இல்லாத மர ஸ்டூல். அது உயரமாக இருக்கிறது, மேசை தாழ்வு. அதனால் முதுகு வளைந்து, கழுத்து அதற்கும் மேல் குனிந்து, தையல் பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகம். டியூப் லைட் பின்னால் எரிகிறது, தன் நிழல் தன் துணிமேலேயே விழுகிறது. நிழலைத் தாண்டிப் பார்க்கத்தான் இன்னும் குனிகிறார். வெட்டின துணிக்கட்டு வலப்பக்கம் தரையில். பீஸுக்கு ஒரு தடவை வலது பக்கம் திரும்பிக் குனிந்து எடுக்கிறார். கணக்குப் போட்டேன், நிமிஷத்துக்கு மூன்று தடவை. தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. நியூயார்க் அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டினார்: தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் விழும் பாரம் 27 கிலோவுக்குச் சமம். மாதிரிக் கணக்குதான், எல்லாக் கழுத்துக்கும் அப்படியே பொருந்தாது. இந்த வீடியோவைப் பார்த்தால் அந்த எண்ணை மறக்க முடியவில்லை.

அக்காவின் அம்மா சும்மாடு வைத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமந்தவராம். "எங்கம்மாளுக்குக் கடைசி வரைக்கும் கழுத்து வலின்னு ஒண்ணு இல்லீங்க." குடத்தோடு நிமிர்ந்து நடந்த அம்மா. வெறுந்தலையோடு குனிந்திருக்கிற மகள்.

நான்கு வரியில் கம்பெனி சூப்பர்வைசருக்கு எழுதிக் கொடுத்தேன்: மேசைக்கால் நான்குக்கும் இரண்டு அங்குலக் கட்டை, துணிக்கட்டுக்கு மேசை மட்டத்தில் ஒரு பெட்டி, அதையும் இடப்பக்கத்துக்கு மாற்றுவது, மெஷின் தலைக்கு ஒரு சின்ன எல்இடி விளக்கு. எல்லாம் சேர்த்து ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் போகாது.

ஜூன் 27, வியாழன்

சூப்பர்வைசர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம். "ஒருத்திக்குச் செஞ்சா லைன் பூராக் கேக்கும்" என்றாராம். லைன் பூராவும் கேட்டால் என்ன? அந்த லைனில் இருபத்தாறு பேர். எத்தனை பேர் பையில் மாத்திரை அட்டை இருக்கிறது என்று நான் கேட்கிறேன். நாள் முழுக்க இந்த வார்த்தை என்னை விடவில்லை.

அக்கா என்னைப் போல எரிச்சல்பட்டு உட்கார்ந்திருக்கவில்லை. காலி நூல்கோன் பெட்டியைக் கவிழ்த்து இடப்பக்கம் வைத்துத் துணிக்கட்டை அதன்மேல் ஏற்றிவிட்டார். மெஷின் மெக்கானிக் தம்பியிடம் சொல்லி மேசைக்கால் திருகை இரண்டு அங்குலம் உயர்த்திக்கொண்டார். விளக்கு தன் காசில்.

26-ல் பத்து வினாடி. நான்கு தடவை சேர்ந்தாற்போல். மாத்திரை இந்த வாரம் இரண்டே புள்ளி.

ஜூலை 3, புதன்

துண்டு போட்டு மூட்டைத் தானே அசைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தேன். நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் வகுத்த வழியிலிருந்து வந்தது. துண்டின் ஓரம் மண்டை ஓட்டுக்கு நேர் கீழே உட்கார வேண்டும். ஒரு முனையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைக் கன்னத்தோரமாகக் கண்மட்டத்தில் முன்னால் இழுத்தபடி, இறுக்கமான பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். கடைசியில் மூன்று வினாடி நிறுத்தி, இழுப்பைத் தளர்த்தாமலே திரும்பி வர வேண்டும். இரண்டு தடவை, காலையும் இரவும். துளிகூட வலிக்கக் கூடாது. வலித்தால் துண்டின் இடம் தப்பு. நேரில் கற்காமல் யாரும் இதைச் செய்யக் கூடாது.

அக்கா தன் பையிலிருந்து ரிப் துணி ஒன்றை எடுத்தார், கம்பெனிக் கழிவு. இழுத்ததும் நீண்டுவிட்டது. என் முகத்தைப் பார்த்து, "ரிப் இழுவுமுங்க, இதுக்கு நெசவுத்துணிதான் வேணும்" என்று அவரே சொல்லி உள்ளே போட்டுக்கொண்டார். என் பருத்தித் துண்டில் செய்தார். வலப்பக்கம் 36.

ஜூலை 14, ஞாயிறு

ஆறு வாரம் இன்றோடு. அளந்தேன். வலப்பக்கம் 39 டிகிரி. டயலில் 28, பத்து வினாடி, பத்துத் தடவை, கழுத்துக் கயிறு புடைக்காமல். காலண்டரில் போன இரண்டு வாரத்துக்கு மூன்று தலைவலி நாள், ஒரு மாத்திரை. அந்த மூன்று நாளும் ஒன்றரை ஷிப்ட் நாள். அதற்கு என்னிடம் பயிற்சி கிடையாது.

மூட்டை அழுத்திப் பார்த்தேன். "வலிக்குது, ஆனா கண்ணுக்கு ஏறுலீங்க அம்மிணி" என்றார். ஆறு வாரமாக மேடம் என்றே கூப்பிட்டவர், இன்றைக்குத்தான் அம்மிணி என்கிறார்.

கூடவே செக்கிங் வேலை பார்க்கிற ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார். அவளுக்கு இடப்பக்கம். நான் கேட்பதற்கு முன்னாலேயே அக்கா அவளிடம், "பார்வை ரெண்டாத் தெரியுதா? வாய் கொழறுதா? கீழ வுழுந்தியா?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் எட்டுப் பேர் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்களாம். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

போகும்போது ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்தால் ஆறு பட்டை. நெசவுத்துணியை நாலாக மடித்து, ஓரம் கழுத்தில் வெட்டாமல் உருட்டித் தைத்தது. கட்டிலுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பேட்லாக் தையல். மேலே இரண்டு நேர் வரிசை, கீழே லூப்பர் நூல் ஓரிடத்திலும் விடாமல் ஓடியிருக்கிறது.